கோபுர விலகலும் செருப்பு மையமும்: சுற்றுலாத் தகவல் நிலையத்துக்கு இடம் தேர்தல் பற்றிய ஓர் ஆய்வு

சுற்றுலாத் தகவல் நிலையம் என்பது, ஊருக்குப் புதிதாக வந்தவர் எங்கே திகைத்து நிற்பாரோ அங்கே இருக்க வேண்டிய அலுவலகம் ஆகும். அரசுக் கட்டடத்தில் காலி அறை எங்கே இருக்கிறதோ அங்கே அது அமைந்துவிடுவது நிர்வாக மரபு. அம்மரபின் நியாயங்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாரா. திகைப்பு நிகழும் இடத்தைப் புவியியல் தகவல் அமைப்பின் துணையோடு கண்டறிய இயலுமா, இயலுமெனில் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றிய பகுதியில் அவ்விடம் எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஜி.ஐ.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் புவியியல் தகவல் அமைப்பு, ஒரே நிலப்பரப்பைப் பற்றிய பலவகைச் செய்திகளைத் தனித்தனி அடுக்குகளாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துப் பார்க்கும் முறையாகும். 1960களில் கனடாவின் நில வளங்களைக் கணக்கெடுக்கும் பணிக்காக ரோஜர் டாம்லின்சன் இதனைக் கணினியில் ஏற்றினார். கணினியே இல்லாத 1854இல், லண்டனின் சோஹோ பகுதியில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காலரா மரணங்களையும் தெருக்குழாய்களையும் ஒரே படத்தில் குறித்து, பிராட் தெருக் குழாயே காரணம் என்று காட்டினார். மரணத்தைப் புள்ளியாக வைக்க முடியுமெனில் திகைப்பையும் வைக்க முடியும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மரணத்தைப் பதிவு செய்யும் மாநகராட்சி எதுவும் திகைப்பைப் பதிவு செய்வதில்லை என்பதால், திகைப்பை அளக்கும் துறை பிறந்த நாள்முதலே தரவுப் பஞ்சத்தில் வாடுகிறது.

தரவு இல்லாத இடத்தில் ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் வழி, இருக்கும் அடுக்குகளைக் கூட்டுவதாகும். மதுரையில் ரயில் நிலையம், பெரியார் பேருந்து நிலையம், டவுன்ஹால் ரோட்டையும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியையும் ஒட்டிய தங்கும் விடுதிகள் ஆகியவற்றைப் படியவைத்தால், மூன்றும் கோயிலுக்கு மேற்கே குவிவதால், மென்பொருள் சற்றும் தயங்காமல் மேலவெளி வீதிப் பக்கம் கை காட்டும். இவ்விடை கணக்கின்படி சரியானது, நடைமுறையில் பயனற்றது. ரயிலிலிருந்து இறங்கி வெளியே வருபவருக்குத் திகைக்க அவகாசமே கிடைப்பதில்லை. அவர் வாயைத் திறக்குமுன் நான்கு ஆட்டோ ஓட்டுநர்கள் விடை சொல்லிவிடுகிறார்கள். வினா எழாத இடத்தில் விடைக்கு அலுவலகம் அமைப்பது பொதுப்பணத்தைப் பாழாக்குவதேயாகும்.

இரண்டாவது வழி வலைப்பின்னல் பகுப்பாய்வு. தெருக்களைக் கோடுகளாகவும் சந்திகளைக் கணுக்களாகவும் கொண்ட வலையில், எல்லோருடைய நடைத்தொலைவின் கூட்டுத்தொகையையும் மிகக் குறைப்பதான ஓர் இடத்தை ஏதேனும் ஒரு கணுவிலேயே கண்டுவிட முடியும் என்று 1964இல் ஹகிமி என்னும் ஆய்வாளர் நிரூபித்தார். சந்திக்குச் சந்தி தேடினால் போதும், தெரு நெடுகத் தேட வேண்டியதில்லை என்பது இதன் பொருள். நிரூபணத்துக்குக் காத்திராமலேயே டீக்கடைகள் சந்திகளில் அமைந்துவிட்டன. மதுரையில் இதற்குத் தக்க சான்று, கோயிலுக்கும் திருமலை நாயக்கர் மகாலுக்கும் இடையே மாசி வீதியின் தென்கிழக்கு மூலையை ஒட்டியுள்ள விளக்குத்தூண் ஆகும். கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த அத்தூண், இன்று யாரையும் நினைவூட்டுவதாகத் தெரியவில்லை. ஜிகர்தண்டா கடைக்கு அடையாளம் சொல்லப் பயன்படுகிறது.

எனினும் சந்தியில் கேட்கப்படும் வினாக்கள் எளியவை. மதுரையின் கடினமான வினா வேறு. கோயில் மதிலுக்குள் ஆடி, மதிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்காகப் பிரிகிறது. போதாக்குறைக்கு, சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதிகளில் ஓடுகிறது. பெயரை நம்பிச் சித்திரை வீதியில் தேருக்காகக் காத்திருப்பவரை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. இவற்றுக்கு நடுவே நாற்புறமும் நான்கு பெருங்கோபுரங்கள். தென்கோபுரம் மற்றவற்றைவிட உயரம் என்பார்கள்; அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நான்கும் கழுத்துவலி தரும் அளவுக்கு உயரமே.

இங்குதான் ‘கோபுர விலகல்’ என்னும் அளவை தேவைப்படுகிறது. ஒருவர் நுழைந்த கோபுரத்துக்கும் வெளியேறிய கோபுரத்துக்கும் இடையே உள்ள பக்கங்களின் எண்ணிக்கை கோபுர விலகல் எனப்படும். அதன் மதிப்பு சுழி, ஒன்று, இரண்டு என மூன்றே. மூன்று பக்கம் விலகியவர் எதிர்த்திசையில் நடந்தால் ஒன்றே ஆகிவிடும், ஆனால் அது அவருக்குத் தெரியாது. கோயில் மதிலின் ஒரு பக்கம் ஏறக்குறைய 250 மீட்டர் என்பதால், விலகல் ஒன்றுக்கு 250 மீட்டரும் இரண்டுக்கு 500 மீட்டரும் நடக்க வேண்டும். இது பெரிய தொலைவன்று. ஆனால் செருப்பு நுழைந்த வாசலில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்தை அடுத்துக் கோயிலுக்குள் கைபேசி தடைசெய்யப்பட்டதால், வரைபடம் காட்டும் கருவியும் செருப்புக்குத் துணையாக அங்கேயே இருக்கிறது. உலகின் எந்த மூலையையும் காட்டவல்ல செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒருவர் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் நிற்கும் இந்நிலையே திகைப்பின் உச்சம் என வரையறுக்கத் தக்கது.

வெறுங்காலுக்கு மீட்டர் கணக்கு பொருந்தாது. ஜி.ஐ.எஸ். துறையில் ‘செலவுப் பரப்பு’ என்றொரு கருத்து உண்டு: நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடப்பதற்கு ஆகும் சிரமத்தை எண்ணாகக் குறிப்பது. சித்திரை வீதியின் கல்தளத்துக்கு இவ்வெண் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் மதிலின் நிழல் மேலச் சித்திரை வீதியில் விழுகிறது, மாலையில் கீழச் சித்திரை வீதியில் விழுகிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறப்பதை ஒட்டி, மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும் நண்பகலில் எங்கும் விழுவதில்லை. அப்போது 250 மீட்டர் என்பது நடையன்று, ஒருவகை நடனம்.

ஆகவே அலுவலகம் எங்கே? வெளியேறும் இடத்தில் அமைத்தால், தவறிய கோபுரத்தின் பெயரைச் சொல்லி அனுதாபம் தெரிவிப்பதற்கு மேல் அலுவலரால் எதுவும் இயலாது. பெயர்ப்பலகை வைக்கலாமே என்பாருக்கு விடை: பலகை கோபுரத்தின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவருக்கே உதவும், நுழையும்போது எவரும் கோபுரத்திடம் பெயர் கேட்பதில்லை. திகைப்பு முளைவிடும் இடம் நுழைவாயிலுக்கு வெளியே, செருப்பை விட்டு டோக்கன் வாங்கும் பலகைக்கு முன்னால்தான். ஒவ்வொரு பயணியும் தவறாமல் வந்து, நின்று, தவறாமல் திரும்பி வரவும் வேண்டிய ஒரே புள்ளி அதுவே என்பதால், அடுக்குகள் அனைத்தும் அங்கே வெட்டிக்கொள்கின்றன. அப்புள்ளிக்கு இவ்வாய்வு ‘செருப்பு மையம்’ எனப் பெயரிடுகிறது. டோக்கனில் எண்ணோடு கோபுரத்தின் பெயரையும் அச்சிட்டால், தனி அலுவலகமே தேவைப்படாது என்னும் சங்கடமான முடிவும் இதிலிருந்து பெறப்படுகிறது. அதனை நிதி ஒதுக்கீட்டுக்கான கருத்துருவில் சேர்க்காமல் விடுவது நலம்.

இம்முடிவு இருவகைக் குடும்பங்களுக்குப் பொருந்தாது. வயதில் மூத்த பெண் ஒருவர் உடன்வரும் குடும்பத்தில், நுழைந்த வாசலில் பூ விற்றவர் முகம்வரை அவர் நினைவில் வைத்திருப்பதால், கோபுர விலகல் எப்போதும் சுழியே. மற்றது, செருப்புகளையும் கைபேசிகளையும் தாத்தாவிடம் ஒப்படைத்து, அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே செல்லும் குடும்பம். மேலக் கோபுரத்தருகே அமரும் தாத்தா, வெயில் ஏற ஏற நிழலோடு மதிலை நோக்கி நகர்கிறார்; மதிலோரமும் காயத் தொடங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள டீக்கடைக்குள் போய்விடுகிறார். நிலையான இடங்களுக்கென வகுக்கப்பட்ட ஹகிமியின் தேற்றம் அவரைக் கட்டுப்படுத்தாது. இடம்பெயரும் தாத்தாக்களுக்கு வேறு மாதிரியம் வேண்டும். அதற்குமுன், அவர் மடியில் உள்ள பேத்தியின் கைபேசி அடித்தால் எதை அழுத்தி எடுப்பது என்பதை யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.