பொருள்: தங்கள் சிடி ஓடாமை தொடர்பாக

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர் அவர்கள், (அலுவலகத்தின் பெயர் நாகரிகம் கருதித் தவிர்க்கப்படுகிறது), நாகர்கோவில்.

பார்வை: எங்கள் ஊர்க் குளத்தில் இன்னும் எத்தனை ஏக்கர் மிச்சம் என்று நான் கேட்டதும், தாங்கள் சிடியில் பதில் அனுப்பியதும்.

ஐயா,

வணக்கம். முதலில் நன்றி. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி டிஸ்கெட், பிளாப்பி, நாடா, வீடியோ கேசட் எதிலும் பதில் பெறலாம். மத்திய அரசின் 2012 விதிகளில் பிளாப்பிக்கு 50 ரூபாய் கட்டணமே உண்டு. ஜப்பான் அரசே 2024இல்தான் பிளாப்பியைக் கைவிட்டது. ஆகவே வீடியோ கேசட்டை விட்டுத் தாங்கள் சிடிக்கு வந்ததைப் பெருந்தன்மை என்றே கொள்கிறேன்.

என் மடிக்கணினியில் சிடி டிரைவ் கிடையாது. வடசேரியில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பியிடம் யுஎஸ்பி டிரைவ் இரவல் வாங்கிச் செருகினேன். விளக்கு மினுங்கி அணைந்தது; சிடி திறக்கவில்லை. தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, என்னுடையது லினக்ஸ் என்றேன். "லினக்ஸா அண்ணாச்சி? அது ஓசியில கிடைக்கதுலா? அதுல எங்க சிடி ஓடாது. விண்டோஸ்ல போட்டுப் பாரும்" என்றார் எடுத்தவர்.

ஓசிதான், மறுக்கவில்லை. ஆனால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமே 'பாஸ்' என்றொரு லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015இல் மத்திய அரசு கொள்கையும் வெளியிட்டது. அந்தக் கொள்கை ஆவணம் தங்களுக்குச் சிடியில் வந்திருக்குமோ என்னவோ.

பழுதை நானே தேடினேன். டிரைவை 'எஸ்ஆர்0' என்று லினக்ஸ் கர்னல் அடையாளம் கண்டிருந்தது. கேட்ட மறுநொடி பதில். 30 நாள் அவகாசம் கேட்கவில்லை. அடுத்து, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது. காரணம், 'சிடிராம்' குழுவில் நான் உறுப்பினன் இல்லை. ஒரே கட்டளையில் சேர்ந்து, வெளியேறி மறுபடி நுழைந்தேன், தீர்ந்தது. மேசை மேசையாக நடக்கவில்லை, யாருக்கும் டீ வாங்கித் தரவில்லை.

பிறகு, 'டிரைவில் தட்டு இல்லை' என்றது. உள்ளேதானே இருக்கிறது! மின்சாரம் போதவில்லையோ என்று யுஎஸ்பி துளையை மாற்றினேன். லென்ஸைத் துடைத்தேன். தம்பியின் கல்யாண சிடி ஒன்றைப் போட்டேன். மாப்பிள்ளை மாலையோடு சிரித்தார். ஆக, டிரைவும் சரி, லினக்ஸும் சரி.

கடைசியில் சிடி எழுதும் கே3பி மென்பொருளைத் திறந்தேன். ஒரே வரியில் சொல்லிவிட்டது: காலி சிடி-ஆர். 700 எம்பியும் அப்படியே இருக்கிறது.

குளத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்பதை இவ்வளவு நேர்மையாக எந்த அலுவலகமும் சொன்னதில்லை.

நல்ல தட்டை வீணாக்குவானேன்? என் மேல்முறையீட்டின் நகலை அதிலேயே எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் விண்டோஸில் ஓடும். ஓடாவிட்டால், லினக்ஸில் போட்டுப் பாரும்.

இப்படிக்கு,
ஓசி மென்பொருள்காரன்,
நாகர்கோவில்.