28 நாள் பணக்காரன்

ஈச்சிலம்பற்றுப் பெடியன் லண்டனுக்குப் படிக்கப் போவதென்றால், முதலில் பணக்காரனாவது அவனுடைய வங்கிக் கணக்குத்தான். பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் காசு தொடர்ந்து 28 நாள் குறையாமல் கிடக்கவேண்டும். வெருகல் முருகனுக்கு வைத்த நேர்த்தியில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை. மாமாவின் சீட்டுக்காசு, சித்தப்பாவின் நெல்லுக்காசு, எருமை விற்ற காசு எல்லாம் ஒன்றாக விரதமிருக்கும்.

அங்கே இறங்கியதும், பாடநெறிக்கு முன்பே விளங்குவது இன்னொரு கணக்கு: படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். நூலகத்துக்கு அப்படி உச்சவரம்பு ஏதுமில்லை. அதனால்தானோ என்னவோ பெடியனுக்கு அதில் அவசரமுமில்லை.

வாட்ஸ்அப்பில் அம்மா கேட்பது, “தம்பி, சோதினை எப்ப?” பக்கத்தில் நிற்கும் மாமா கேட்பது, “மருமகன், சம்பளம் எப்ப?”