ஒட்டுக் கேட்பதற்கு ஒரு டியூஷன்

கோயம்புத்தூர் பம்புக்கு மொழிப் பிரச்சினை கிடையாது. கரண்ட் கொடுத்தால் எந்த ஊர்த் தண்ணீரையும் இழுத்து வெளியே தள்ளிவிடும். அதை விற்கப் போகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

நான் போய் இறங்கிய இடம் அப்பிங்டன். தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், ஆரஞ்சு நதிக்கரையில் இருக்கிறது. ஆற்றை ஒட்டித் திராட்சைத் தோட்டங்கள், அதைத் தாண்டினால் பொட்டல். தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். என்னோடு மழையைப் பற்றி அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசுவார்கள். (மழை அங்கே பெய்கிற பொருள் அல்ல, பேசுகிற பொருள்.) விலையை நான் சொன்னதும்தான் புருஷனும் பெண்டாட்டியும் என் முகத்துக்கு நேராகவே ஆப்பிரிக்கான்ஸுக்குத் தாவி ஆலோசனை நடத்துவார்கள். நான் காபிக் கோப்பையின் அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஆலோசனையைக் கேட்டே தீருவது என்றுதான் டியூஷன் சேர்ந்தேன். மேலதிகாரியிடம் "வாடிக்கையாளர் உறவு" என்று சொல்லிச் செலவை ஒப்புக்கொள்ள வைத்தேன்.

டீச்சர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே வயதில் மூத்த பெண்மணி யாராக இருந்தாலும் 'டானி', மூத்த ஆண் 'ஊம்'. சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் "அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லி வளர்ந்தவனுக்கு இதிலே படிக்க என்ன இருக்கிறது? மரியாதை தெரிந்த பிள்ளை பெரியவர்களை 'நீங்கள்' என்றுகூடச் சொல்லாது. டானியிடமே "டானிக்குக் காபி வேணுமா?" என்றுதான் கேட்கும். என் அத்தையிடம் நான் வேறு எப்படிக் கேட்டேன்? 'ஊம்' மட்டும்தான் உறுத்தல். எழுபது வயதுப் பெரியவர் ஏதோ சொல்ல வரும்போது நான் 'ஊம்' என்றால், அவர் கதை எனக்குச் சலித்துவிட்டது போல எனக்கே கேட்கும்.

இலக்கணம் முதல் நாளே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆளுக்கொரு வால் ஒட்டுகிற வேலையே இல்லை. நான், நீ, அவர்கள், அரசாங்கம், ஆடு எல்லோருக்கும் ஒரே வினைச்சொல். 1652-இல் டச்சுக் கம்பெனி கேப் முனையில் காய்கறித் தோட்டம் போட வந்தபோது கூடவே வந்த டச்சு மொழி இது. அந்த மண்ணின் கோய்கோய் மக்களும், மலாய்த் தீவுகளிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் பேசிப் பேசித் தேய்த்ததில் இப்படி ஆகிவிட்டது. வெள்ளைக்காரர் மொழி என்று பெயர். பேசுகிறவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லர். 1925-இல் இது ஆட்சிமொழி ஆவதற்கு எத்தனையோ காலம் முன்பே கேப் டவுன் முஸ்லிம்கள் இதை அரபு எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

டானி இதையெல்லாம் ஆசையாகச் சொல்வார். பேச்சு 1976-ஐ நெருங்கினால் மட்டும் காபி போட எழுந்துவிடுவார். அந்த ஆண்டு ஜூன் 16 அன்று சோவெட்டோவில், பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸில் படிக்கச் சொன்னதை எதிர்த்து ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சும்மா கொடுத்த இந்தியையே வேண்டாம் என்ற குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்தவன் மணிக்கணக்குப் போட்டு ராண்டில் காசு கொடுத்து இன்னொரு மொழி படிக்கிறான் என்பதை ஊரில் எப்படிச் சொல்வது என்ற கவலை எனக்கு.

உச்சரிப்பில் ஒரு கண்டம் இருந்தது. அவர்கள் 'ஜி' எழுத்தைத் தொண்டைக்குள்ளே காறித்தான் சொல்ல வேண்டும். டானி தன் உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, காற்று வருகிறதா என்று பார்ப்பார். வரவில்லை. அப்புறம் நம் ஆய்த எழுத்து நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எஃகு, அஃது இரண்டையும் விட்டால் அதற்கு வேறு வேலை கொடுத்ததே இல்லை. அப்பிங்டனில் நாள் முழுக்க உழைத்தது.

அதைவிடப் பெரிய கண்டம், 'இல்லை'. ஒரு தடவை மறுத்தால் அவர்களுக்குத் திருப்தி இல்லை. வாக்கியத்தின் நடுவில் ஒரு 'நீ', கடைசியில் இன்னொரு 'நீ'. "எக் ஹெட் நீ ஃகெல்ட் நீ" என்றால் என்னிடம் பணம் இல்லை. தோட்டக்காரர்கள் வாயில் அதிகம் வருகிற வாக்கியம் இதுதான். பணம் இல்லாதவர் அவர். "நீ, நீ" என்று இரண்டு முறை குற்றம் சாட்டப்படுகிறவன் நான்.

எண்களில் டானி என்னைப் பிழிந்தெடுத்தார். ஐம்பத்தாறை 'ஆறும் ஐம்பதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். 'ஆறு' என்று காதில் விழுந்ததும் அறுபத்துச் சொச்சம் என்று மகிழக் கூடாது. ஐம்பது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். மணி 'அரை ஐந்து' என்றால் நாலரை. விற்பனைப் பிரதிநிதிக்கு இவை இரண்டும் தெரிந்தால் போதும், கவிதை பிற்பாடு என்பது டானியின் கட்சி.

பேசிப் பழகத்தான் இடமில்லை. கடையில் நான் வாயைத் திறந்து ஒரு ஆய்தத்தை உருட்டுவதற்குள், கல்லாவில் இருக்கும் பெண் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். அதனால் என்ன? எனக்கு வேண்டியது வாய் அல்ல, காது.

அந்த நாளும் வந்தது. ஒரு தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து, பெரிய பம்புக்கு அறுபத்தைந்தாயிரம் ராண்ட் என்றேன். அம்மாள் கணவரிடம் திரும்பி, ஆறும் ஐம்பதும் ஆயிரம் வரை போகலாம் என்றார். ஒரு சொல் தவறாமல் புரிந்தது. மணிக்கணக்குக் கட்டணமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வசூலாகிவிட்டது. முகத்தை மட்டும் பம்பு மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஊம் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நிறுத்தி நிதானமாக, எனக்காகவே மெதுவாக, ஆப்பிரிக்கான்ஸில் சொன்னார்: "உனக்கு எண்ணெல்லாம் நன்றாக வருகிறதாமே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டானி சொன்னாள். அவள் என் சித்தப்பா மகள்."

இருவரும் எழுந்து, காபி ஆறட்டும் என்று என்னைத் திண்ணையில் விட்டுவிட்டு, திராட்சை வரிசைகளுக்குள் நடந்து போனார்கள். திரும்பி வந்து நாற்பத்தெட்டாயிரம் என்றார்கள், ஆங்கிலத்தில். டானியிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பை உலர்திராட்சையும் தந்தார்கள்.