ஹோஷங்காபாத் எங்கே போயிற்று?

கேள்வி: மத்தியப் பிரதேச வரைபடத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தைக் காணோமே?

பதில்: இடம் நகரவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது! 15-ஆம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட சுல்தான் ஹோஷங் ஷாவின் பெயரைச் சுமந்த மாவட்டம், 2022-இல் நர்மதாபுரம் ஆனது. வடக்கு எல்லையை வரைந்துகொண்டே மேற்கு நோக்கி ஓடும் நர்மதைக்கு உரிய மரியாதைதான்.

1998-இல் இதன் ஒரு பகுதியான ஹர்தா தனி மாவட்டமாகத் தனிக்குடித்தனம் போனது. இருந்தும் சொத்துக்குக் குறைவில்லை. தெற்கே சாத்பூரா மலையில் பச்மரி என்ற கோடைவாசத்தலம். அருகிலேயே 1,352 மீட்டர் உயரத் தூப்கர், மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம். கீழே, தவா அணை நீரில் விளையும் கோதுமை.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனவர்கள் இந்த மாவட்டத்தைக் கடந்திருப்பார்கள். இட்டார்சி சந்திப்பு இங்கேதான். போகாதவர்களுக்கும் உறவு உண்டு: ரூபாய் நோட்டுக்கான காகிதம் தயாரிக்கும் ஆலை ஒன்று மாவட்டத் தலைநகரில் இயங்குகிறது.