பழைய ஹம்பக்கர்: மூலமும் உரைகளும்

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் உலோக மூடிக்குள் கிடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்று பெயர். அதற்கு முந்தைய ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வை மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததில்லை. சுவருக்குள் ஓடும் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், நியான் விளக்கு ஆகியவற்றின் முனகலையும் சேர்த்தே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பியது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழியும். தந்தியின் ஒலி கூடி வரும். மிச்சிகன் மாநிலம் கலமசூவில் கிப்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்த சேத் லவர், இதற்கான காப்புரிமை விண்ணப்பத்தை 1955 ஜூன் 22 அன்று கொடுத்தார். உரிமை 1959 ஜூலை 28 அன்று கிடைத்தது. பழைய ஹம்பக்கர் பற்றிய சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த நான்கு ஆண்டு இடைவெளியில் பிறந்தவை.

அந்த இடைவெளியில், காப்புரிமை கேட்டிருக்கிறோம் என்று அறிவிக்கும் சிறு கறுப்பு ஒட்டுச்சீட்டு ஒன்று பொன்னிற எழுத்துகளோடு பிக்கப்பின் அடித்தட்டில் ஒட்டப்பட்டது. அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். என்ற பெயராக நிலைத்தன. சீட்டு இருக்கும் இடம் கவனிக்கத்தக்கது: பிக்கப்பைக் கழற்றிக் கவிழ்த்தால் அன்றி எவர் கண்ணிலும் படாது, ஒலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆயினும் சீட்டுள்ள பிக்கப்புக்கு ஒரு விலை, சீட்டு உதிர்ந்ததற்கு வேறு விலை. புதிதாக அச்சடித்த பழைய சீட்டுகளும் தனியே விற்பனைக்குக் கிடைக்கின்றன. உரிமை கையில் வந்த பிறகும் ஏறக்குறைய 1962 வரை கிப்சன் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு வந்த சீட்டில் காப்புரிமை எண் அச்சானது. 2,737,842 என்ற அந்த எண், கிட்டார் கலைஞர் லெஸ் பால் தந்திகளைக் கட்டுவதற்கு வடிவமைத்த வால்பாகத்துக்கு உரியது. நகலெடுக்க நினைத்த போட்டியாளர் எண்ணைக் கொடுத்துப் படி வாங்கினால் வால்பாகத்தின் வரைபடம்தான் கைக்கு வரும். இது திட்டமிட்ட சூழ்ச்சி என்று ஒரு கட்சி, எவரோ எழுத்தரின் கைப்பிசகு என்று ஒரு கட்சி. இரு கட்சிக்கும் ஆதாரம் ஒரே அளவு, அதாவது, இல்லை.

சீட்டை விட்டுச் சரக்குக்கு வந்தால், மூலபாடம் எது என்ற கேள்வி எழுகிறது. கலமசூவில் ஒவ்வொரு பாபினிலும் எனாமல் பூசிய 42 கேஜ் செப்புக் கம்பியைச் சுமார் 5,000 சுற்று சுற்ற வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் பாபின் நிரம்பியதாகத் தோன்றியபோது இயந்திரம் நின்றது. காந்தத்திலும் அல்னிகோ 2, 3, 4, 5 என்று அன்றைக்குக் கையிருப்பில் எது இருந்ததோ அது உள்ளே போனது. 1961 வாக்கில்தான் குட்டையான அல்னிகோ 5 நிலைபெற்றது. ஆகவே பி.ஏ.எஃப். பிக்கப்புகளை மல்டிமீட்டரில் வைத்தால் ஒன்று 7 கிலோஓம் சொல்லும், இன்னொன்று 9 சொல்லும். ஒரே கிட்டாரில் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டும்கூட ஒத்துப்போகாது. ஏடெழுதியவர்களின் கைவண்ணத்தால் பிரதிக்குப் பிரதி பாடம் மாறும் சுவடிகளைப் போலத்தான் இதுவும். என்ன, இங்கே பாடபேதங்களுக்கு அப்பால் ஒரு மூலம் இருந்ததே இல்லை.

இந்த எண்களின் மேல் எழுந்ததே ஓம்வாதம். 7.8 கிலோஓம் இனிமை, 8.2 காரம் என்பது இப்பள்ளியின் அடிப்படைக் கோட்பாடு. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும் என்பதை இப்பள்ளி பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. எட்டு கிலோஓம் பிக்கப் பத்து டிகிரி வெப்பம் கூடினால் 8.3 காட்டும். கலமசூவின் ஜனவரிக் குளிரில் இனிமையாக இருக்கும் பிக்கப், இக்கணக்கின்படி, ஜூலையில் தானே காரமாகிவிட வேண்டும்.

இனி உரைகள், அதாவது பி.ஏ.எஃப்.-ஐப் பின்பற்றி வந்த மறுஆக்கங்கள். சீமோர் டங்கன் நிறுவனம் 1994-ல் சேத் லவரையே அழைத்துவந்து அவர் பெயரில் எஸ்.எச்.-55 பிக்கப்பைச் செய்தது. கலமசூவில் ஓடிய லீசோனா சுற்று இயந்திரம் ஒன்றும் அந்நிறுவனத்தின் வசம் வந்து சேர்ந்திருக்கிறது. மூல ஆசிரியரே எழுதிய உரை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். அல்னிகோ 2 காந்தம். மெழுகில் தோய்க்காத சுருள். ஒலி மென்மை, கீழ்ச்சுரங்கள் சற்றே தளர்வு. அதே நிறுவனத்தின் '59 என்ற உரை அல்னிகோ 5 காந்தத்தோடும் மெழுகோடும் வரும். கீழ்ச்சுரம் இறுக்கம், மேல்சுரம் பளிச். கிப்சனின் '57 கிளாசிக் இரண்டு சுருளையும் சமமாகச் சுற்றி, அல்னிகோ 2 வைத்து, மெழுகும் ஊற்றியது. கேட்க ஒரு குறையும் இல்லை. மூலத்தில் இருந்த பிசகுகள் இல்லாததுதான் குறை. அதைத் தீர்க்க அதே கிப்சன் பர்ஸ்ட்பக்கரை வெளியிட்டது. இதில் இரண்டு சுருளும் வேண்டுமென்றே சமமற்றவை. முனகல் இம்மியளவு திரும்பிவரும். பதிலுக்கு மேல்சுரத்தில் ஒரு கடி கிடைக்கும். சுற்று கூடக் கூட 1, 2, 3 என்று எண்ணும் இட்டார்கள். கவனக்குறைவுக்குத் தரவரிசை வகுத்த தொழில்துறை வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

மெழுகுப் பிரச்சினையில் மட்டும் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மெழுகு ஏறாத பிக்கப்பின் மூடியை நகத்தால் தட்டினால் ஆம்ப்ளிஃபையரில் 'டொக்' என்று கேட்கும். கம்பிகளே லேசாக ஆடுவதால் ஒலியில் ஒரு காற்றோட்டம் வருகிறது. ஒலியை முழுக்கத் திருப்பிவிட்டால் அதே ஆட்டம் வீல் என்று அலறும். வீட்டில் வாசிப்பவர் காற்றோட்டத்தைப் புகழ்வார், மேடையில் வாசிப்பவர் மெழுகை உருக்குவார்.

நிறவாதம் அவ்வளவு நியாயம் தேடுவதில்லை. 1959, 60 ஆண்டுகளில் கறுப்பு பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு வந்ததால் சில பாபின்கள் கிரீம் நிறத்தில் வந்தன என்பது வழக்கமான விளக்கம். இரண்டும் கிரீம் என்றால் விலை உச்சம். ஒன்று கிரீம், ஒன்று கறுப்பு என்றால் வரிக்குதிரை, அடுத்த படி. சிக்கல் என்னவென்றால், நிறம் மூடிக்குள் இருக்கிறது. மூடி அடித்தட்டோடு சாலிடரால் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சாலிடர் உடையாத பிக்கப்புக்கும் தனி விலை. நிறம் அறிய உடைத்தால் உடையாமைக்கான விலை போச்சு. ஆகவே தேர்ந்த ஆய்வாளர்கள் மூடியின் மேல் தெரியும் திருகாணிகளில் ஒன்றை மட்டும் கழற்றி, டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணால் துளைக்குள் பார்க்கிறார்கள். இதற்கிடையில் டிமார்சியோ நிறுவனம் இரட்டைக் கிரீம் நிறத்தைத் தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. எனவே அமெரிக்காவில் மற்ற நிறுவனங்கள் இரட்டைக் கிரீமைத் திறந்து காட்டி விற்க முடியாமல் மூடிக்குள் வைத்தே தருகின்றன. அவ்வகையில் மூலத்துக்கு நெருக்கம்தான்.

அந்தத் திருகாணிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. லவரின் முதல் வடிவில் அவை இல்லை. விற்பனைப் பிரிவினர் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஏதாவது வேண்டும் என்று கேட்டதால் சேர்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தூய்மைவாதிகள் நூல் பிசகாமல் நகலெடுக்கும் ஆறு திருகாணிகள், ஆக, ஆசிரியர் ஒப்புதலோடு நுழைந்த இடைச்செருகல்.

லவர் 1967-ல் ஃபெண்டர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே செம்பு, நிக்கல், இரும்பு கலந்த காந்தத் தண்டுகளை வைத்து 'வைட் ரேஞ்ச்' என்ற இன்னொரு ஹம்பக்கரைச் செய்தார். அந்தக் கலவை சந்தையில் அருகிப்போனதும் அதன் மூடிக்குள் சாதாரண ஹம்பக்கரை வைத்து மறுபதிப்புகள் வந்தன. அவை மூலம் ஆகா என்று வாதம் கிளம்பி, வைட் ரேஞ்சுக்கும் உரைகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன.