பாதாரவிந்த விசாரம்

உலகத்திலுள்ள சகல வஸ்துக்களும் ஏதேனும் ஒன்றன்மீது நின்றே தீரவேண்டும் என்பது பாமரரும் அறிந்த உண்மையாயினும், நிற்கிற பொருளைப் பற்றி நூல் நூலாக எழுதிக் குவித்த பண்டிதர்கள், அது எதன்மீது நிற்கிறது என்பதைப் பற்றி ஒரு வரியேனும் எழுத மனமிரங்கியதாகத் தெரியவில்லை. குடத்தைப் பாடியவர் அநேகர். அக்குடம் உருண்டு போகாமல் தாங்குகிற பிரிமணையைப் பாடியவர் நானறிந்த வரையில் எவருமிலர். ஆட்டங்கண்ட மேசைக்காலின் கீழ் நான்காக மடித்துச் செருகப்பட்டு, வருஷக்கணக்கில் மேசையையும் அதன்மேல் எழுதுகிற ஆசிரியரையும் ஸ்திரமாக வைத்திருக்கும் பஸ் டிக்கெட்டுக்கு எந்த ஆசிரியராவது முன்னுரையில் நன்றி சொன்னதுண்டா? இந்த நெடுங்கால அநீதிக்குப் பரிகாரம் செய்யவென்றே அவதரித்தாற்போல ஒரு கூட்டத்தார் இப்போது தோன்றியிருக்கிறார்கள். வீட்டில் ஹை-ஃபை வைத்துக்கொண்டு சங்கீதம் கேட்கும் ரசிகர்களே அவர்கள். பாட்டைப் பற்றிப் பேசும் நேரத்தைவிட, பாட்டுப் பெட்டியின் பாதங்களைப் பற்றிப் பேசும் நேரம் அவர்களுக்கு அதிகம். அடியேனும் அக்கூட்டத்தில் கடையனாகச் சேர்ந்து சில காலம் ஆயிற்றாகையால், பாதங்களின் தாரதம்மியத்தை ஆராய்ந்து எழுதும் யோக்கியதை எனக்கு உண்டென்றே எண்ணுகிறேன்.

முதலில் பாதம் எதற்கு என்ற கேள்வி. 1877-இல் எடிசன் வெள்ளீயத் தாளில் தம் குரலைப் பதித்த நாள்முதலாக இசைத்தட்டின் தத்துவம் ஒன்றுதான்: ஆடுகிற ஊசி ஒலியை எழுதும், எழுதிய தடத்தில் மறுபடி செல்லுகிற ஊசி ஆடி, அதே ஒலியை எழுப்பும். 1948-இல் கொலம்பியா கம்பெனியார் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டபோது அந்தத் தடம் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனுக்குக் குறுகிப்போயிற்று. அதன் சுவர்களில் ஒரு மெல்லிய தம்புரா நாதம் எழுதியிருக்கும் நெளிவோ, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கக்கூடும். இத்தனை சூட்சுமமான எழுத்தையும் தடுமாறாமல் படிக்கிற ஊசிக்கு ஒரே ஒரு குறை உண்டு. தன்னை ஆட்டுவது யார் என்று அதற்குத் தெரியாது. தட்டிலிருக்கும் வித்துவானா, தெருவில் போகும் தண்ணீர் லாரியா, அல்லது ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட ஓசையே மேசை வழியாகத் திரும்பி வந்து தன் வாலைத் தானே கடிக்கிறதா என்ற பேதமெல்லாம் பாராமல், வந்த ஆட்டமனைத்தையும் சங்கீதமென்றே நம்பி அது ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். ஆகவே ஆட்டத்தை வாசலிலேயே மடக்கி நிறுத்தும் துவாரபாலகராகப் பாதங்கள் வேண்டியிருக்கின்றன.

நிற்க. எவ்விதம் மடக்குவது என்பதில்தான் சம்பிரதாய பேதம் தலைதூக்குகிறது. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியை விளக்கும்போது இரண்டு நியாயங்களைச் சொல்லுவார்கள். வடகலையார் சொல்வது மர்க்கட நியாயம்: குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொண்டாலன்றித் தாய் அதைச் சுமக்கமாட்டாது. தென்கலையார் சொல்வது மார்ஜார நியாயம்: பூனைக்குட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்க, தாய்ப்பூனையே அதைக் கவ்வித் தூக்கிச் செல்லும். ஹை-ஃபை உலகத்தில் முள்ளாணிப் பாதம், அதாவது ஸ்பைக், சந்தேகமில்லாமல் மர்க்கட பக்ஷத்தைச் சேர்ந்தது. பெட்டி பூமாதேவியை நகத்தால் பற்றிக்கொண்டு ஒட்டிக் கிடக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. ஸ்பிரிங் பாதமோ மார்ஜாரம். பெட்டி பூமியின் சம்பந்தத்தை விட்டு, கால் கைகளைத் தொங்கப்போட்டு, மிதந்தபடி இருக்கவேண்டும் என்கிறது. ஒன்று பற்றென்றும் மற்றது விடென்றும் போதித்தாலும், இரண்டு பக்ஷத்தாரும் வாக்களிக்கிற மோக்ஷம் மட்டும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருப்பதுதான் ஆராய்ச்சியாளனைத் திகைக்கச் செய்வது: கீழ்ஸ்தாயி இறுகும், மேடை அகலும், பாடகியின் மூச்சு தனியே கேட்கும்.

முள்ளாணியின் பராக்கிரமத்தைக் கணக்கால் காட்டுவது நலம். நாலாயிரம் கிலோ எடையுள்ள கோயில் யானையின் ஒவ்வொரு பாதமும் ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளதென்று வைத்துக்கொண்டால், தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அது ஒரு கிலோ பாரத்தை இறக்குகிறது. இருபது கிலோ எடையுள்ள ஸ்பீக்கரை, முனை ஒரு சதுர மில்லிமீட்டரே உள்ள நான்கு முள்ளாணிகளின்மேல் நிறுத்தினால், அதே அளவை ஐந்நூறு கிலோவாகிறது. யானையைக் கூடத்தில் கட்டிப்போட அஞ்சுகிற கிருகஸ்தன், ஐந்நூறு யானைகளுக்குச் சமானமான உக்கிரத்தைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். இந்த முள்ளாணிக்கு நியாயமான பிறப்பிடம் பிரிட்டனின் பழைய வீடுகள். அங்கே மரப்பலகைத் தரை, அதன்மேல் கம்பளம். ஸ்பீக்கர் கம்பளத்தின்மேல் தள்ளாடாமல் நிற்கவேண்டுமானால் அதைத் துளைத்துக்கொண்டு பலகையைத் தொட ஒரு கூர்முனை அவசியம். நம் வீடுகளிலோ மொசைக் தரை அல்லது சிவப்பு ஆக்ஸைடு தரை. துளைக்கக் கம்பளமுமில்லை, கால் புதையும் மென்மையுமில்லை. எனினும் ஆணியை வாங்கிவிட்டோம். ஆணி தரையைக் கீறுமென்பதால் அதன் கீழ் வைக்கச் சிறு பித்தளைக் கிண்ணம் வாங்கினோம். கிண்ணம் வழுக்குமென்பதால் அதன் அடியில் ஒட்டக் கம்பளித் துண்டு வாங்கினோம். கம்பளத்தைத் துளைப்பதற்காகப் படைக்கப்பட்ட ஆயுதம் இவ்வாறு பல கை மாறி, கடைசியில் தானே ஒரு கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற காட்சியை எங்கள் கூடத்தில் இன்றும் காணலாம்.

முள்ளாணிப் பக்ஷத்தாரின் இன்னொரு வாதத்தையும் பூர்வபக்ஷமாக எடுத்துக்கொள்வது முறை. கூம்பு வடிவமுள்ள பாதத்தில் அதிர்வு அகன்ற பக்கத்திலிருந்து கூர்முனைக்கு இறங்குமேயன்றி, முனையிலிருந்து மேலே ஏறாது என்பது அவர்களுடைய சித்தாந்தம். போலீஸ்காரர் நிற்கும் ஒருவழிப் பாதையைப் போல அது அதிர்வுக்குச் சட்டம் பேசுமாம். பௌதிக சாஸ்திரமோ இதற்குச் சம்மதிப்பதில்லை. இறங்கத் தெரிந்த அதிர்வுக்கு அதே வழியாக ஏறவும் தெரியும்; உலோகத் துண்டொன்று தன் வடிவத்தால் மட்டும் வருகிறவனை விட்டுப் போகிறவனைத் தடுத்ததில்லை.

இனி ஸ்பிரிங். 1961-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், தட்டையும் ஊசிக்கரத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அச்சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளின்மேல் மிதக்கவிட்டுச் செய்த பிளேயர் இந்த மார்க்கத்துக்கு மூல விக்கிரகம் போன்றது. 1972-இல் கிளாஸ்கோவில் உதித்த லின் சோண்டெக் அதே மூன்று ஸ்பிரிங் உபாசனையைத் தொடர்ந்தது. அதன் சட்டம் சாயாமல், பிஸ்டனைப் போல நேர் மேலும் கீழும் மட்டுமே ஆடும்படி ஸ்பிரிங்கைத் திருகிச் சரிசெய்வது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. இந்த மார்க்கத்தின் ரகசியமெல்லாம் ஒரு ஸ்கேலால் அளந்துவிடக் கூடியது. பாரத்தை ஏற்றும்போது ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால், அதன் இயற்கையான ஆட்டம் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து. அதைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தை, அதாவது வினாடிக்கு ஏழைத் தாண்டிய அதிர்வுகளைத்தான் அது தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே தடுக்காது என்பதோடு, ஐந்தை ஒட்டி வருகிற அதிர்வைத் தானும் சேர்ந்து ஆடிப் பெருக்கியும் கொடுக்கும். கடையில் பெட்டியோடு வருகிற சாதாரண ரப்பர் பாதம் இரண்டரை மில்லிமீட்டர் அமுங்குமாயின் அதன் ஆட்டம் வினாடிக்குப் பத்து. ஊசிக்கரம் தானே ஆடுகிற இயற்கையும் வினாடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள்தான். ஆகையால் காவலுக்கு வைத்தவனே கள்ளனுக்கு ஏணி பிடிப்பதும் உண்டு.

இரண்டுக்கும் நடுவே சமரச மார்க்கங்கள் பல. சார்போதேன் என்ற வஸ்து ரப்பருமன்றிக் களியுமன்றி அல்வாப் பதத்தில் இருப்பது; அதற்கேற்ற பாரம் வைத்தால் அதிர்வை விழுங்கும், குறைவாக வைத்தால் கல்லாய் நிற்கும், மிகுதியாக வைத்தால் பிதுங்கும். மெருகிட்ட மரத்தில் எண்ணெய்க் கறை வைப்பதும் அதன் குணங்களில் ஒன்று. பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்து ஏழைகளின் சார்போதேன். சைக்கிள் டியூபைப் பாதி காற்றடித்துப் பரப்பி, அதன்மேல் கடப்பைக் கல்லை வைக்கும் முறையையும் பரீக்ஷித்தேன். கல்லின் கனத்தால் ஆட்டம் மந்தமாகுமென்பது சாஸ்திர சம்மதம். பாரத்தை நான்கு மடங்காக்கினால் ஆட்டம் பாதியாகும். ஆனால் டியூபில் காற்று இறங்கி மூன்றாம் நாள் கல் ஒருபுறம் சாய, பஞ்சர் ஒட்டும் கடைக்கு டியூபை எடுத்துச் சென்று, சைக்கிள் எங்கே என்று கேட்ட பையனுக்குப் பதில் சொல்லமுடியாமல் நின்றதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. தட்டும் ஊசியும் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் பாதம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பீக்கர் ஒயர் தரையில் படாமலிருக்கப் பீங்கான் முட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதாகச் சொல்லும் வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுச் சொல்லும்படி வேண்டினால், மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள்.

இனி நேர்முகப் பரிசோதனை. எங்கள் வீடு திருவல்லிக்கேணியில், தேக்கு விட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடி. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் சுவர் ஒன்று. சுழலாமல் நிற்கும் தட்டின்மேல் ஊசியை இறக்கி, வால்யூமைப் பாதிவரை ஏற்றி, மேசையை விரல் கணுவால் தட்டிக் கேட்பதுதான் பரிசோதனை. நல்ல பாதமானால் தட்டிய சத்தம் ஸ்பீக்கரில் வராது. காலை பத்து மணிக்கு முள்ளாணியோடு தொடங்கினேன். மேசையை நான் இன்னும் தொடவில்லை. ஸ்பீக்கரின் கூம்பு உள்ளும் புறமுமாக ஆடி, ஆஸ்துமாக்காரரின் மார்பைப் போல விம்மியது. தட்டுக்கு அருகே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வட்டவட்டமாக நடுங்கிற்று. அடுத்த வீட்டு மாமி கிரைண்டரைப் போட்டிருந்தார். நம் மின்சாரத்தில் அந்த வகை மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்றுச் சுற்றும். வினாடிக்கு 24 அதிர்வு. முள்ளாணி அதைக் காணிக்கை சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது. ரப்பர் பாதம் ஐந்திலொரு பங்காகக் குறைத்தது. ஸ்பிரிங்கை மாட்டியதும் டம்ளரில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. மார்ஜார நியாயமே வென்றதென்று எழுதப் பேனாவைத் திறந்த சமயம், பள்ளிக்கூடம் விட்ட பேரன் மாடிப்படியேறி ஓடிவந்தான். தேக்கு விட்டம் அசைய, ஸ்பிரிங் குதிக்க, அப்போது ஓடிக்கொண்டிருந்த தட்டில் ஊசி பல்லவியிலிருந்து நேராகச் சரணத்தில் போய் இறங்கியது. கிரைண்டரை வெல்லும் பாதம் பேரனுக்குத் தோற்றது. பேரனைத் தாங்கும் பாதம் கிரைண்டருக்குத் தோற்றது.

அன்றிரவு யோசித்தபோதுதான், இத்தனை காலமும் நாங்களெல்லாரும் ஆடுகிற பூமியில் எப்படி நிற்பது என்றே விசாரித்தோமேயல்லாமல், ஆட்டுகிறவரிடம் ஒருவரும் போய்ப் பேசவில்லை என்பது உறைத்தது. பேரனைக் கட்டிப்போடலாகாது. மறுநாள் காலை நான்கு சார்போதேன் வில்லைகளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், மாமியின் அனுமதியோடு கிரைண்டரின் நான்கு காலின் கீழும் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டு வந்தேன். அந்தப் பாரம் அவற்றுக்குச் சரியாகவே பொருந்தியது. முள்ளாணிமேல் நின்ற பிளேயரில் அன்று பகல் முழுவதும் தம்புராவைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாமி ஒரு தூக்கில் இட்லியோடு வந்தார். "நீங்க கொடுத்தேளே, அந்த ரப்பர் வில்லை, அதை வெச்சதுலேர்ந்து மாவு என்னமா பொங்கறது தெரியுமோ! இட்லி பஞ்சு மாதிரி இருக்கு. மாமாவே சொன்னார்" என்றார். மாவு பொங்குவது உளுந்தையும் வெயிலையும் பொறுத்ததென்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இட்லியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பார்க்கவில்லையே என்று நினைத்துப் பேசாமலிருந்துவிட்டேன். நான்கு இட்லி தின்றேன். சற்றே மிருதுவாகத்தான் இருந்தது.

மாமி புறப்படும்போது கூடத்து மூலையைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தப் பித்தளைக் கிண்ணம் உபரியா இருந்தா ஒரு மூணு குடுங்கோளேன். மிக்ஸிக்கு வெச்சுப் பாக்கறேன்."

நான்காகவே கொடுத்தனுப்பினேன்.