பௌர்ணமி கேட்கும் மாப்பிள்ளை

தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று பெரியவர்கள் பேச்செடுத்ததும், உதகையைக் குளிர் என்றும் மாலத்தீவைச் செலவு என்றும் ஒதுக்கிவிட்டு, அந்தமான் என்று மூச்சுவிடாமல் சொல்பவர் தூண்டில் பித்துப் பிடித்த மாப்பிள்ளை என்னும் இனத்தைச் சேர்ந்தவர் என்று ஐயுற இடமுண்டு. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட விமானப் பயணம், கடவுச்சீட்டு தேவையில்லை, வெண்மணல், பவளத்திட்டு என்று அவர் அடுக்கும் காரணங்கள் அனைத்தும் உண்மையே. அக்கடலில் ஜிடி இருக்கிறது என்ற தலையாய காரணத்தை மட்டும் அவர் வெளியிடுவதில்லை. ஜிடி என்பது ஜயண்ட் ட்ரெவாலி என்னும் மீனுக்குத் தூண்டில்காரர்கள் இட்ட செல்லப்பெயர். பாறை மீன் குடும்பத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இது. 2006இல் ஜப்பானில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 72.8 கிலோ இருந்தது என்பதை, தம் கல்யாணத் தாலி எத்தனை பவுன் என்று தெரியாத மாப்பிள்ளைகூடத் தசமப் புள்ளி பிசகாமல் ஒப்பிப்பார்.

நாள் குறிக்கும்போதுதான் இவருடைய புலமை முழுதாகத் துலங்கும். ஆடியும் மார்கழியும் ஆகாது என்பதில் பஞ்சாங்கத்தோடு இவருக்குப் பிணக்கில்லை. ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று சோதிடர் சொன்னால், தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும் என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது என்று வாயால் சொல்லி, கடல் அடங்கியிருக்கும் தை மாதத்துக்குத் தள்ளிவிடுவார். அதன் பின், தேனிலவு பௌர்ணமியை ஒட்டி அமைந்தால் நன்றாக இருக்கும் என்று தலையைக் குனிந்தபடி ஒரு விண்ணப்பம் வைப்பார். பெண் வீட்டார் உருகிப் போவார்கள். இவ்வளவு ரசனையுள்ள பிள்ளையா என்று அத்தை முறையினர் வியப்பார்கள். சூரியனும் நிலவும் பூமியும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் நாட்களில் கடல் ஏற்றம் கூடி, வற்றம் மிகுந்து, தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களில் நீரோட்டம் வலுக்கும். அந்த ஓட்டத்தில் தடுமாறிவரும் சிறு மீன்களுக்காகப் பாறையோரம் ஜிடி பதுங்கி நிற்கும். மாப்பிள்ளையின் ரசனை இதைப் பற்றியது. அமாவாசையும் இதே பலனைத் தரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அமாவாசையில் புதுமணத் தம்பதியை வழியனுப்ப எந்த மாமியாரும் இசையமாட்டார் என்னும் அளவுக்கு உலக அறிவும் அவருக்கு உண்டு.

பயண மூட்டை தனியே ஆராயத்தக்கது. இரண்டாகக் கழற்றினாலும் ஏறக்குறைய நான்கடி நீளம் குறையாத தூண்டில் கம்பை அவர் பிவிசி குழாய்க்குள் இட்டு, இருபுறமும் மூடி போட்டுக் கொண்டுவருவதால், விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த சித்தப்பா, அங்கே குழாய் வேலை ஏதும் இருக்கிறதா என்று உண்மையான அக்கறையோடு விசாரிப்பது வழக்கம். உயர்ரக ரீல், அதாவது நரம்பு சுற்றும் உருளை, லட்ச ரூபாயை எட்டுவதுண்டு. மனைவியிடம் விலை சொல்லும்போது கடைசிச் சுழியம் மட்டும் தொண்டையில் தங்கிவிடும். பெட்டியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்பவை பாப்பர்கள். பாப்பர் என்பது வாய்ப்பகுதி குழிந்த போலி மீன். வெட்டி இழுக்கும்போது நீர்ப்பரப்பில் பொளக்கென்று சத்தமிட்டு, ஏதோ இரை துடிக்கிறது என்று பெரிய மீனை நம்பவைக்கும். ஒவ்வொரு பாப்பரிலும் தொங்கும் முள்ளுக்குத் தனித்தனியே ரப்பர் உறை மாட்டி, நிறவாரியாக அடுக்கும் இந்தப் பொறுமை, கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவச் சொன்னபோது அவரிடம் காணப்படவில்லை என்பதை அவருடைய தாயார் உறுதிப்படுத்துவார். பட்டுப்புடவைகள் மணமகளின் கைப்பைக்குக் குடிபெயரும்.

மணமகள் ஜாலி பாய் தீவுக்குப் போகலாம் என்பார். வண்டூர்ப் பக்கம் 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே மீன்பிடிக்கத் தடை; ஆகவே, அங்கு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது மாப்பிள்ளையின் துணிபு. கண்ணாடி அடித்தளப் படகு வழியே கீழே நீந்தும் மீன்களைப் பார்க்க நேரும்போது அவர் முகத்தில் தோன்றும் உணர்ச்சியை, விரத நாளில் பிரியாணிக் கடை வழியே நடப்பவரிடம் மட்டுமே காணலாம். மறுநாள் விடியுமுன் அவர் படகேறிவிடுவார். வாந்தித் தடுப்பு மாத்திரை விழுங்கிய மனைவி நிழலில்லாப் படகில் முக்காடிட்டு அமர்ந்து, நூறு முறை வீசியும் ஒன்றும் சிக்காததை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒன்று சிக்கினாலும் நிலைமை தெளிவடைவதில்லை. பிடித்த மீனைப் படமெடுத்துவிட்டு உயிரோடு கடலிலேயே விடுவது இவர்கள் கைக்கொள்ளும் ஒழுக்கம். பெரிய மீன்களே இனத்தைப் பெருக்குபவை என்பதால் அது பாராட்டத்தக்கதும்கூட. படத்தில் மீன் பெரிதாகத் தெரிவதற்காகக் கைகளை முன்னே நீட்டிப் பிடிப்பதால், பின்னால் நிற்கும் மனைவியின் நெற்றியும் குங்குமமும் மட்டுமே தெரியும். இந்த ஒழுக்கத்தை மறுவீட்டு விருந்தில் விளக்குவதுதான் கடினம். வாழையிலையில் வஞ்சிரம் வறுவலை வைத்தபடி படத்தைப் பார்க்கும் மாமியார், “இவ்வளவு பெரிய மீனைத் திரும்பக் கடல்லயே விட்டுட்டீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டுவிட்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பித் தம் கணவரிடம், “ஏங்க, கிலோ என்ன விலைன்னு மாப்பிள்ளைக்குச் சொல்லுங்க” என்பார்.